கதவுள்ள அறை

நவம்பர் 9, ஞாயிறு. பாளையங்கோட்டை

காசிக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டது. போக, வர, இரண்டுக்கும் கீழ்ப் படுக்கை. தங்கும் இடத்தையும் நானே போனில் பார்த்துப் பதிவு செய்துவிட்டேன். ‘கங்கை தெரியும் அறை’ என்று போட்டிருக்கிறான். படத்தைப் பார்த்தால் ஜன்னலைத் திறந்ததும் கங்கை கட்டிலுக்கே வந்துவிடும் போலிருக்கிறது.

இடம் பார்ப்பதில் எனக்குக் கைராசி உண்டு. மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குந்தா, மேட்டூர், எண்ணூர், தூத்துக்குடி என்று ஊர் ஊராக மாற்றல். ஒவ்வோர் ஊரிலும் முதலில் நான் போய் வீடு பிடிப்பேன், வயரிங் பார்ப்பேன், அப்புறம்தான் வடிவை வரச்சொல்லுவேன். வருவாள், பால் காய்ச்சுவாள், அவ்வளவுதான். இந்த வீடு இப்படி இருக்கிறதே என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அப்படி ஒரு மனைவி அமைவதும் கைராசிதான்.

காசி போய் வந்த கையோடு ஹைதராபாத். மருமகள் தாரணி வேலைக்குத் திரும்பப் போகிறாள். பேத்தியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மகன் குமரேசனிடம் போன மாதமே வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் பேசியாயிற்று. இதையெல்லாம் வடிவிடம் சொன்னபோது அவள் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தினாள்.

“அங்க நமக்கு எந்த ரூமு?”

இரண்டு படுக்கையறை வீடு. ஒன்று அவர்களுக்கும் குழந்தைக்கும். இன்னொன்றில் குமரேசன் கம்ப்யூட்டரை வைத்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். ஹாலில் இருக்கிற சோபாவை இழுத்து விரித்தால் கட்டிலாகிவிடும், அருமையான ஏற்பாடு என்று விளக்கினேன்.

“அதுக்குக் கதவு உண்டா?”

ஹாலுக்கு எவனாவது கதவு போடுவானா? நான் சிரித்துவிட்டேன். அவள் கிரைண்டரைத் திரும்பப் போட்டுவிட்டாள். ஆக, அதுவும் முடிந்தது.

நவம்பர் 12, புதன். ரயில்

நாக்பூர் தாண்டியாயிற்று. வடிவு எதிர் சீட் அம்மாளிடம் இந்தியில் பேசிக்கொண்டே வருகிறாள். என்ன பேச்சு என்று கேட்டால் சும்மா என்கிறாள். சும்மா பேசுவதற்கு இவ்வளவு நேரமா?

நவம்பர் 14, வெள்ளி. காசி

முதல் அதிர்ச்சி. கங்கை தெரியும் அறையில் கங்கை தெரிகிறது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, கம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ஒரு கீற்று தெரிகிறது. ஏறிக் காட்டியவன் அந்த விடுதி மேலாளன். கூச்சமே இல்லாமல் ஏறினான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுவிட்ச் போர்டைப் பார்த்தேன். கீஸருக்கு எர்த் கிடையாது. ஈரச் சுவரில் ஒட்டுப்போட்ட வயர். ஷாக் அடித்தால் நேரே மணிகர்ணிகைச் சுடுகாடுதான், வண்டிச் செலவுகூட இல்லை. தமிழில் சத்தம் போட்டேன், இங்கிலீஷில் சத்தம் போட்டேன். அவன் பாட்டுக்கு வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் வடிவு முன்னால் வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் இந்திப் பரீட்சையெல்லாம் எழுதித் தேறியவள் அவள். பெண் பார்க்கப் போனபோது மாமனார் அதைப் பெருமையாகச் சொல்ல, எங்கள் வீட்டில் பேசுவதற்குத் தமிழே போதும் என்றேன். கூடம் முழுக்கச் சிரித்தார்கள். அந்த இந்தியை இன்று கேட்டேன். குரலை உயர்த்தாமல், ஆனால் நிறுத்தாமல் பேசினாள். மேலாளன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து எங்கள் பெட்டியைத் தானே தூக்கி வாசல்வரை கொண்டுவந்து வைத்தான்.

வீட்டில் நான்கு பேர் வந்தால் அடுக்களையை விட்டு வெளியே வராதவள். இவளுக்கு இப்படி ஒரு குரல் எங்கே இருந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஒரு நாளைக்குச் சத்திரத்தில் பொதுக்கூடத்தில் பாய்.

நவம்பர் 15, சனி

நாள் முழுக்க இடம் பார்த்தோம். கோதௌலியாவில் ஆரம்பித்து, தசாசுவமேதம் வழியாக, சந்து சந்தாக அனுமன் கட்டம் வரைக்கும். சந்து என்றால் நம் ஊர்ச் சந்து இல்லை. எதிரே மாடு வந்தால் ஏதாவது ஒரு வீட்டு நடைக்குள் ஏறி நின்று அதற்கு வழிவிட வேண்டும். நடுவில் ஒரு பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமாக வந்தார்கள். என் சட்டையை உரசிக்கொண்டு போயிற்று. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வடிவு கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த விடுதி எங்கே என்று பூக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்செல்லாம் அவள்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். ஒவ்வொரு விடுதியிலும் நான் சுவிட்ச் போர்டைப் பார்ப்பேன். அவள் ஒரு வினோதம் செய்தாள். கொஞ்சம் வெளியே நில்லுங்க என்று என்னை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஐந்து நிமிடம், சில அறைகளில் அதற்கும் மேலே. முதலில் குளியலறையைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, உக்காந்து பாத்தேன் என்றாள். உட்கார்ந்து பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கடைசியில் அனுமன் கட்டத்துக்குப் பக்கத்தில் நான் ஒன்றைப் பிடித்தேன். புதுக் கட்டடம், புது வயரிங், ஒவ்வொரு தளத்துக்கும் தனி பிரேக்கர். கீழே தமிழ் மெஸ், காபி குடிக்கும்படி இருக்கிறது. இதுதான் என்றேன். உங்களுக்குச் சரின்னா சரி, கொஞ்ச நாளைக்குத்தானே என்றாள்.

இடம் கிடைத்த பிறகும் வழியில் பார்க்கிற விடுதிகளுக்குள்ளெல்லாம் நுழைந்து விசாரிக்கிறாள். ஜவுளிக் கடையில் சேலை எடுத்த பிறகும் அடுத்த கடையில் விரித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

கங்கைக் குளியல். தண்ணீர் சில்லென்று நெஞ்சைப் பிடித்தது. தர்ப்பணம் நல்லபடியாக முடிந்தது. செருப்பு போயிற்று.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் பூ வாங்கி வருகிறேன் என்று போனவள் சாப்பாட்டு நேரம்வரை வரவில்லை. மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் எல்லாப் பையையும் கொட்டித் தேடினேன். கும்பலில் எங்கே சிக்கினாளோ என்று பயம், பயத்தில் கோபம். வந்ததும் பிடித்துக் கத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, வாங்க, ஒரு எடம் காட்டுதேன் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு சந்து தள்ளி ஒரு பழைய வீடு. வீட்டுக்காரி பெயர் விசாலம். எழுபதுக்கு மேல் இருக்கும். அவள் தாத்தா காலத்திலேயே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பமாம். தமிழ் பேசுகிறாள், நடுநடுவே இந்தி விழுகிறது. வீட்டில் பெண்களை மட்டும்தான் வைத்துக்கொள்கிறாள். காசியில் இருந்து காலத்தைக் கழிக்க வந்தவர்கள், படிக்க வந்தவர்கள் என்று கீழே சிலர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு யாத்திரைக்காரர்களைக் கோயிலுக்கும் கடைக்கும் கூட்டிப்போய் இந்தி பேசிவிடுகிற வேலை விசாலத்துக்கு உண்டு. இப்போது முட்டி வலி, படி இறங்க முடியவில்லையாம். வடிவும் அவளும் அக்கா தங்கை மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள். அதற்குள் அப்படி என்ன பழக்கம் என்று எனக்கு ஆச்சரியம்.

மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மாடக்குழி, மூலையில் அடுப்பு வைக்க ஒரு மேடை. கனமான பழைய மரக்கதவு, உள்ளே இரும்புத் தாழ்ப்பாள். ஜன்னலைத் திறந்தால் கங்கை. வாளி தேவையில்லை.

“இந்த ரூமு வயரிங் எப்படி இருக்குன்னு பாருங்களேன். ஒரு பொம்பள தனியா இருந்தா பயமில்லையே?”

அந்த அம்மாளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று கேட்கிறாள், நல்ல மனசு. கழற்றிப் பார்த்தேன். பிளக் பாயின்ட் பொசுங்கிப்போயிருந்தது. கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிவந்து மாட்டினேன். லைட் சுவிட்ச் கட்டிலிலிருந்து எட்டவில்லை. படுத்துக்கொண்டே அணைக்கிற மாதிரி இடம் மாற்றிக் கொடுத்தேன். எர்த் கம்பியும் இழுத்துக் கட்டினேன். சாயங்காலம்வரை ஆயிற்று. வேலை செய்து இவ்வளவு திருப்தியாக இருந்து ரொம்ப காலம் ஆகிறது. இனி இருபது வருஷத்துக்குக் கவலையில்லை என்றேன். வடிவு அந்த சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது என் சட்டையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க. சும்மா சொல்லக்கூடாது, காசி அவளுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

விடியுமுன் கிளம்பி காரில் கயா. பிண்டம் போட்டு முடித்தோம். கடைசியாக ஆலமரத்தடியில் விடுகிற சடங்கு. மனசுக்குப் பிடித்த காய் ஒன்று, கனி ஒன்று விட வேண்டும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது.

கார் போகிற வழியெல்லாம் வடிவுக்கு இதைத்தான் விளக்கிக்கொண்டு வந்தேன். சிலபேர் ஊருக்குப் போய்ப் பரிகாரம் அது இது என்று திரும்பச் சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள், அது மகா தப்பு. எங்கள் அப்பா இங்கே வந்து வெற்றிலையை விட்டார். சாகும்வரை அவர் வாய் சிவந்து நான் பார்த்ததில்லை. கயாவில் விட்டது விட்டதுதான், யார் சொன்னாலும், எவன் தடுத்தாலும் மாற்றக்கூடாது, புருஷனே சொன்னாலும் கேட்கக்கூடாது என்று அழுத்தமாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். யார் சொன்னாலும் மாத்தக் கூடாதுதானே என்று இன்னொரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

நான் நூல்கோலையும் பப்பாளியையும் விட்டேன். சாஸ்திரிகள் தமிழர்தான். என்னைப் பார்த்துச் சிரித்தார். நம்ம பக்கத்து ஆட்கள் நூல்கோல், பாகற்காய் தாண்டி வேறெதையும் விடுவதில்லையாம். வடிவு கத்தரிக்காயையும் மாம்பழத்தையும் விட்டாள். இரண்டுமே அவளுக்கு உயிர்.

அதோடு விடவில்லை. இன்னொன்றும் விடலாமா என்று சாஸ்திரிகளிடம் கேட்டாள். தாராளமாக என்றார். கண்ணை மூடி, உதடு அசைய என்னமோ சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டாள். என்ன என்று கேட்டேன், காசிக்குப் போய்ச் சொல்லுதேன் என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் கேட்டுப் பார்த்தேன். காபியாக மட்டும் இருக்கக்கூடாது. காபி குடிக்காதவள் கையால் போட்ட காபி எப்படி இருக்கும்?

நவம்பர் 21, வெள்ளி

நாளை மறுநாள் ரயில். மத்தியானம் பெட்டி கட்டினாள். என் வேட்டி, சட்டை, மாத்திரை டப்பா எல்லாம் என் பெட்டிக்குள் போயின. காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே எழுதி வைத்தாள். அவளுடைய சேலைகள் மடித்தது மடித்தபடி கட்டிலிலேயே இருந்தன. உன் பெட்டியை எப்போது கட்டப்போகிறாய் என்றேன்.

“கயாவுல என்னத்த விட்டேன்னு கேட்டுக்கிட்டே இருந்தியள்லா? அடுத்தவங்க பாத்து வச்ச எடத்துல போயி இருக்கத விட்டுட்டேன்.”

எனக்கு விளங்கவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

“ஹைதராபாத்துக்கு நான் வரல. அந்த மாடி ரூம எடுத்துருக்கேன். விசாலம் அக்காவுக்குப் பதிலா யாத்திரக்காரங்க கூட நான் போயிக்கிடுவேன். பேசியாச்சு.”

நான் பிளக் மாட்டிக் கொடுத்த அறை. படுத்துக்கொண்டே அணைக்கிற மாதிரி நான் சுவிட்சை இடம் மாற்றிக் கொடுத்த அறை.

முதன்முதலாக என் வாயில் என்ன வந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அப்புறம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். நான் உன்னை அடித்தேனா? குடித்தேனா? எதில் குறை வைத்தேன்? அப்படி ஒன்றுமில்லை, நீங்கள் நல்லவர்தான் என்றாள். பிறகு என்ன என்று கத்தினேன். மெஸ்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். எண்ணூரில் சாம்பல் பறந்த வீட்டைப் பற்றிச் சொன்னாள். குந்தாவில் ஈரம் காயாத வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் அடுக்களையில்தான் அவளுக்கு இடம், அதற்கும் கதவு கிடையாது என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நேற்று என்ன சமைத்தோம் என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

“ஒரு கதவ நானே சாத்தி, நானே தெறக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

நேற்றுச் சொன்னதை வாபஸ் வாங்கு என்றேன். கயாவில் விட்டதை எடுக்கக் கூடாது, புருஷன் சொன்னாலும் கேட்கக் கூடாது என்றாள். என் வாய் வார்த்தையை ஒன்றுகூடக் குறையாமல் திருப்பிக் கொடுத்தாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தடவை லைனில் ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டிருக்கிறேன். விழுந்த பிறகு கொஞ்ச நேரம் வலியே தெரியாது, நாம் எங்கே கிடக்கிறோம் என்றும் தெரியாது. இன்று மத்தியானத்திலிருந்து அப்படித்தான் இருக்கிறது.

நவம்பர் 22, சனி

குமரேசனுக்குப் போன் போட்டேன். அம்மா இங்கேயே இருக்கப்போகிறாளாம் என்றதும் அந்தப் பக்கம் சத்தமில்லை. பையனுக்கும் இடி விழுந்த மாதிரிதான் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு பேசினான்.

“அப்பம் பாப்பாவ யாருப்பா பாத்துக்கிடுவா? தாரணி ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணணும்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பெற்ற தாய் தெரியாத ஊரில் தனியாக இருக்கப்போகிறேன் என்கிறாள், ஏன் என்று கேட்டானா? எங்கே படுப்பாள், என்ன சாப்பிடுவாள் என்று கேட்டானா? முதல் கேள்வி இதுவா? நன்றாகத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் நேற்று நான் கேட்ட முதல் கேள்வி ஞாபகம் வந்தது. அது காபியைப் பற்றியது.

வடிவு தன் பெட்டியோடு விசாலம் வீட்டுக்குப் போனாள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். தூக்காமல் என்ன செய்வது, அவளுக்குத் தோள்வலி உண்டு. வாசலில் வைத்துவிட்டு, நானும் இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டேன். ஹைதராபாத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இந்த மாடியிலேயே இருவரும் இருப்போம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

இங்கே ஆம்பிளைகளை வைப்பதில்லை என்றாள். அப்படியானால் நான் எங்கே போவது என்று கேட்டேன்.

“அத நீங்கதான் பாக்கணும். எடம் பாக்கதுல உங்களுக்குக் கைராசி உண்டுல்லா?”

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். மேலே கதவு சாத்துகிற சத்தமும், இரும்புத் தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன. கங்கைக் கரையில் இத்தனை மணியோசைக்கு நடுவே அது எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. சந்தில் ஒரு மாடு வந்தது. நான் வழிவிட்டு நின்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

புளியோதரைப் பொட்டலம், மாத்திரை, தண்ணீர் எல்லாம் கட்டிக் கொடுத்து ஆட்டோ ஏற்றிவிட்டாள். ரயில் போய்விட்டது. நான் போகவில்லை.

நவம்பர் 24, திங்கள்

பழைய அறையை நேற்றே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சத்திரத்துப் பொதுக்கூடத்தில் ஒதுங்கினேன். காலையில் எழுந்து நானே இடம் தேடப் போனேன். எனக்கு இந்தி வராது. அறை வேண்டும் என்பதற்குத் தலையணையில் கன்னத்தை வைக்கிற மாதிரி சைகை காட்ட வேண்டியிருக்கிறது. அறுபத்தேழு வயசில் குழந்தைப் பிள்ளை மாதிரி. ஓரிடத்தில் பார்த்துச் சிரித்தார்கள். இன்னோரிடத்தில் தனியாக வந்த வயசாளிக்குக் கொடுப்பதில்லை என்று கைகாட்டி அனுப்பிவிட்டார்கள். வடிவு கூட இருந்திருந்தால் அந்த ஆளை ஒரு வழி பண்ணியிருப்பாள்.

விசாலம் வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு சின்ன அறை இருந்தது. பழக்கதோஷத்தில் முதலில் சுவிட்ச் போர்டைப் பார்த்தேன். பரவாயில்லை. அப்புறம் என்னமோ தோன்றியது. வீட்டுக்காரனை வெளியே நிற்கும்படி சைகை காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கட்டிலில் உட்கார்ந்தேன்.

ஒன்றுமில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. காபி ஆச்சா, துண்டு எங்கே, போன் அடிக்கிறதே என்று நான்தான் எப்போதும் கேட்பேன். கேட்பதற்கு ஆள் இல்லாமல் என் வாய் சும்மா இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு பயமான ஒன்றை அவள் ஒவ்வொரு விடுதியிலும் ஆசைப்பட்டு உள்ளே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நான் வெளியே பையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ச் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறேன்.

இந்த அறையை எடுக்கலாமா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பார்த்தவனுக்குத் தன் ஒருவனுக்கு ஒரு கட்டில் பார்க்கத் தெரியவில்லை. வந்து பார்த்துச் சொல்லேன் என்று அவளிடம் கேட்கலாம் என்று கிளம்பினேன். இதுவரை எந்த வீட்டுக்கும் அவளிடம் கேட்டதில்லை.

விசாலம், வீட்டு நடையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாடிவரைக்கும் போய்ப் பேசிவிட்டு வர அனுமதி உண்டு, உள்ளே போகக் கூடாது என்றாள். மேலே ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. பழக்கத்தில் கையை வைத்துத் தள்ளினேன். திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இருக்கும் இடத்துக்கு நான் கதவைத் தட்டிக்கொண்டு போனதில்லை. எப்படித் தட்டுவது என்றே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. மெதுவாகத் தட்டினேன்.

“யாரு?”

நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது இந்த அறைக்குப் போதாது என்று தோன்றியது.

“பிரமநாயகம்” என்றேன்.

உள்ளே சேலை உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு அவள் குரல், அன்றைக்கு அந்த மேலாளனிடம் பேசிய அதே குரல், அவசரமே இல்லாமல் வந்தது.

“கொஞ்சம் வெளியே நில்லுங்க.”

நின்றேன்.